இலை மடிக்கும் வரை ஊர் கேட்கக் கூடாது

எங்கள் சாப்பாட்டுக் கடையைப் பற்றித் திண்டுக்கல்லில் யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். அது கடையே இல்லையாம், குடும்பமாம். பஸ் ஸ்டாண்டுக்கும் பூட்டுப் பட்டறைகளுக்கும் நடுவில் அப்பாவை மாமா என்றும் அம்மாவை அக்கா என்றும் என்னைத் தங்கச்சி என்றும் கூப்பிடாத ஆளே கிடையாது. ஐம்பதுகளின் கடைசியில் எனக்கு இருபத்திரண்டு வயது நடந்துகொண்டிருந்தபோது தினமும் மத்தியானம் நூறு அண்ணன்மார் வந்து என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இவ்வளவு சொந்தம் இருந்தும் எனக்கு ஒரு மாப்பிள்ளை அமையவில்லை. பெண் எடுப்பது என்று பேச்சு வந்தால் அவர்களுக்கெல்லாம் வேறு சொந்தம் இருந்தது. "சோறு விக்கிற வீட்டுல போயி பொண்ணெடுக்கிறதா?" என்பார்கள். எங்கள் சோற்றைத் தின்றுவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே சொல்வார்கள்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. "பசிச்சு வாரவனுக்குப் போர்டு எதுக்கு?" என்று அப்பா பெருமையாகச் சொல்லுவார். கேட்டவர்கள் புல்லரித்துப் போவார்கள். உண்மை என்னவென்றால், பலகை எழுத வந்த பெயிண்டர் கூலிக்குப் பதிலாக இரண்டு மாதச் சாப்பாடு கேட்டார். அவர் சாப்பிடுகிற சாப்பாட்டை அப்பா ஒரு நாள் பார்த்தார், பலகையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்.

முன்கூடத்தில் ஆண்களுக்கு நாலு வரிசை பெஞ்சு. பக்கத்தில் ஒரு சின்ன அறை, வாசலில் திரை போட்டது, அது பெண்களுக்கு. மாடியில் நாங்கள் குடியிருந்தோம். அம்மா சமையல். அப்பா வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை வரவேற்பார், அதாவது பேசிக்கொண்டே இருப்பார். பெண்கள் அறைக்குப் பரிமாறுவது நான். புளியங்கட்டை விறகுப் புகையில் கண் எரிய எரிய வாளியைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் என் இளமை.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. சாப்பிட வந்தவர் இலையை மடிக்கிற வரைக்கும் அவரை எந்த ஊர் என்று கேட்கக் கூடாது. இந்தச் சட்டத்துக்காக அப்பாவை ஊரே கொண்டாடியது. தினமும் சாப்பிட வரும் கணக்கு வாத்தியார் ஒருவர், வேதக்காரர், எங்கள் கடையை ஒரு தேவாலயத்துக்குச் சமமாகப் பேசுவார். அப்பா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வார். சட்டம் அவருடையது இல்லை என்ற சின்ன விஷயத்தை மட்டும் சொல்ல மாட்டார்.

அப்பாவுக்குப் பேச்சு ஒரு வியாதி. கடை தொடங்கிய புதிதில், உட்காருகிறவரிடமெல்லாம் "எந்த ஊரு அப்பு? யாரு மக்க?" என்று ஆரம்பித்துவிடுவார். அவருக்கு மனசில் ஒன்றும் இருக்காது. ஆனால் எங்கள் பக்கத்தில் அது வெறும் கேள்வி இல்லை. ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள், தெருவைச் சொன்னால் எந்தக் கிணறு, எந்த டம்ளர் என்று எல்லாம் தெரிந்துபோகும். ஒரு மத்தியானம் தோளில் மூட்டையோடு ஒரு ஆள் வந்து உட்கார்ந்தார். இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பார். அப்பா ஊரைக் கேட்டார், அவர் சொன்னார். "அங்கன எந்தத் தெரு?" என்று அப்பா அடுத்ததைக் கேட்டார். அந்த ஆளின் கை பிசைந்த சோற்றிலேயே நின்றது. பிறகு எழுந்தார், மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குழம்பு ஊற்ற வந்த அம்மா அந்த இலையைப் பார்த்தாள். மறுநாள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அப்பா கெஞ்சிப் பார்த்தார், கத்திப் பார்த்தார். "பசியோட ஒக்காந்தவன எந்திரிக்க வச்ச வாய்க்கு நான் பொங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சட்டம் வந்தது அப்படித்தான். அப்பா ரொம்பக் கெஞ்சியதால் ஒரு சலுகை மட்டும் கொடுத்தாள். இலையை மடித்துக் கை கழுவுகிற இடத்தில் ஊரைக் கேட்டுக்கொள்ளலாம். தெருவை எப்போதுமே கேட்கக் கூடாது.

திண்டுக்கல் தண்ணீர்ப் பஞ்சத்தை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. வண்டியில் வாங்கி அண்டாவில் நிரப்பிய தண்ணீர் எங்களுக்கு அரிசியைவிட அருமை. அதனால் கை கழுவுவதற்கு ஆளுக்கு ஒரு செம்பு, அதையும் நாங்கள்தான் ஊற்றுவோம். ஆண்களுக்கு அப்பா, பெண்களுக்கு நான். ஊற்றிக்கொண்டே "எந்த ஊரு?" என்று கேட்போம். வயிறு நிறைந்த மனுஷன் ஊரைச் சொல்லத் தயங்குவதே இல்லை. எரியோட்டில் மழையா, பழனி பஸ் எத்தனை மணிக்கு, எந்தப் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள், யாரிடம் கறவை மாடு விலைக்கு இருக்கிறது, எல்லாம் அந்த ஈரத் தரையில் நின்றே பேசி முடிப்பார்கள். எனக்குத் தெரிந்து நாலு கல்யாணம் அங்கே நின்ற நிலையில் நிச்சயமாகியிருக்கிறது. நாலு கல்யாணத்துக்கும் செம்பைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றியது நான்.

எனக்கு வந்ததெல்லாம் பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான். ஐந்து பேர் வந்தார்கள். மாடியில் பாய் விரித்து கேசரியும் பஜ்ஜியும் வைப்போம். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு "ஹோட்டல் ருசி" என்று ஒரு மாதிரியாகச் சொல்வார்கள். ஹோட்டல்காரன் வீட்டில் வேறு என்ன ருசியை எதிர்பார்த்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிறகு கடிதம் போடுகிறோம் என்று சொல்லிப் போவார்கள். தபால்காரரும் எங்கள் கடையில்தான் சாப்பிட்டார். அவர் கையை விரித்துக்கொண்டே உள்ளே வருவார்.

ஆறாவதாக ஆயக்குடியிலிருந்து ஒரு இடம் வந்தது. கொய்யாத் தோப்பு, காரை வீடு, கொல்லையில் வற்றாத கிணறு. சோறு விற்கிற வீடு என்பதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று தரகர் சொன்னார். ஒரே ஒரு விருப்பம்தானாம். சம்பந்தம் ஆனபின் அவர்கள் சனம் அடிக்கடி திண்டுக்கல் வந்து போகும். வந்தால் கடையில் சாப்பிடும். அதனால் "நம்மாளுகளுக்குன்னு" ஆண்கள் பக்கத்தில் ஒரு தட்டி, பெண்கள் பக்கத்தில் ஒரு தட்டி, குறுக்கே கட்டிவிட வேண்டும். தட்டிக்கு அந்தப்பக்கம் யார் வேண்டுமானாலும் சாப்பிடட்டும். அவ்வளவு தாராள மனசுக்காரர்கள்.

கணக்கு வாத்தியார் தேவாலயம் என்று சொன்ன இடத்துக்கு, இரண்டே நாளில் மூங்கில் தட்டிகள் இரண்டு வந்து சேர்ந்தன. அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "ஒரு தட்டிதான ஆத்தா, இதுல என்ன வந்துச்சு" என்றார். அம்மா வாயைத் திறக்கவில்லை. அடுப்பையும் நிறுத்தவில்லை. ஐந்து முறை பெண் பார்த்துவிட்டுப் போனவர்களை வழியனுப்பிய பிறகு, அவளாலும் படுத்துக்கொள்ள முடியவில்லை போலிருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் அறையில் அளவு பார்க்க அப்பா தட்டியைத் தூக்கிப் பிடித்தபோது, அதைக் கட்டுகிற கயிற்றின் மறுமுனையை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கல்யாணம் வேண்டும் என்றிருந்தது. அந்தக் கிணறு வேண்டும் என்றிருந்தது. இறைக்க இறைக்கத் தண்ணீர் வருகிற வீட்டில் புகையில்லாமல் ஒரு காலை விடிந்தால் எப்படி இருக்கும் என்று ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறேன். மாப்பிள்ளை எப்படி இருப்பார் என்று அந்த அளவுக்கு யோசிக்கவில்லை.

அவர்கள் நாலு மணிக்கு வருவதாக ஏற்பாடு. தட்டி கட்ட அவர்கள் முன்னால் கையெழுத்துப் போடுவதுபோல ஒப்புக்கொண்டு, மறுநாள் கட்டிவிடலாம் என்று அப்பா கொல்லையில் சுருட்டி வைத்திருந்தார். சந்தை நாள் என்பதால் மத்தியானம் கூட்டம். மூன்று மணிக்குள் குளித்துப் பட்டுப்புடவை கட்டிவிடு என்று அம்மா சொல்லியிருந்தாள். ஒரு மணிக்கு நான் மஞ்சள் கறை பிடித்த பழைய சேலையும் கொண்டையுமாக வியர்த்து வழிந்துகொண்டு பந்தியில் நின்றேன்.

அப்போது ஒரு அம்மா திரையை விலக்கிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் கனமான சங்கிலி. எங்கே உட்காருவது என்று பார்த்தார். ஒரே ஒரு இடம்தான் காலி. ஒரு பக்கம் பூக்கார அக்கா, சித்தையன்கோட்டையிலிருந்து தினமும் கூடையோடு வருகிறவர். மறுபக்கம் தோல் ஷாப்பு அக்கா. ஊருக்கு வெளியே தோல் பதனிடுகிற இடத்தில் தோலைக் கழுவிப் புரட்டுகிற வேலை அவருக்கு. எத்தனை வருஷம் வந்தாலும் ஓரமாகத்தான் உட்காருவார், நாங்கள் நடுவில் உட்காரச் சொன்னாலும் கேட்க மாட்டார். அன்றைக்குக் கூட்டம் அவரை நடுவில் தள்ளியிருந்தது.

வந்த அம்மா உட்கார்ந்தார். நான் இலை போட்டேன், சோறு வைத்தேன், கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு ஊற்றினேன். ரசித்துத்தான் சாப்பிட்டார். பாதியில் என்னைக் கையால் அருகே அழைத்தார்.

"ஏனம்மிணி, இந்தக் கடைக்கார வூட்டுல ஒரு பொண்ணு இருக்குதாமே. எப்படிங்க அந்தப் பொண்ணு?"

குழம்பு வாளியோடு அப்படியே நின்றேன். அந்தப் பேச்சைக் கேட்டதும் பழனிப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. நாலு மணிக்கு வர வேண்டிய சம்பந்தியம்மா ஒரு மணிக்கே வந்து வேவு பார்க்கிறார். பூக்கார அக்கா சிரிப்பை அடக்க இலைக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

என்னைப் பற்றி நானே நல்லதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. "இருக்கு. வாய் கொஞ்சம் நீளம்" என்றேன்.

"நீளம்னா எவ்வளவுங்க?"

"இங்கன ஆரம்பிச்சா கொடைக்கானல் ரோடு வரைக்கும் போகும்" என்றார் பூக்கார அக்கா.

"வேலை வெட்டி செய்யுங்களா?"

"செய்யும். மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டே செய்யும்" என்றேன்.

தோல் ஷாப்பு அக்கா பந்தியில் பேசியே நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பேசினார். விளையாட்டு அவருக்குப் புரியவில்லையோ, புரிந்தும் பிடிக்கவில்லையோ தெரியாது. "இவுக சொல்றத நம்பாதீகம்மா. தங்கமான புள்ள. பசிச்சு வந்தா மொகத்தப் பாக்காது, எலயத்தான் பாக்கும்" என்றார்.

எனக்குக் காது சுட்டது. கொல்லையில் சுருட்டி வைத்திருந்த தட்டி ஞாபகம் வந்தது. நாளைக்கு இதே இடத்தில் அது நின்றால் இந்த அக்கா எந்தப் பக்கம் உட்காருவார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. கயிற்றைப் பிடித்த தங்கமான பிள்ளை நான்தான். ரசம் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கிருந்து நகர்ந்தேன்.

ரசத்தில் அம்மா மிளகைக் கொஞ்சம் கூடத் தட்டிவிட்டாள் போலிருக்கிறது. சம்பந்தியம்மா கையில் வாங்கி ஒரு உறிஞ்சு உறிஞ்சினார், புரையேறிவிட்டது. கண் பிதுங்க இருமினார். அவர் டம்ளரில் தண்ணீர் இல்லை, என் கையிலிருந்த கூஜாவும் காலி. நான் அண்டாவுக்கு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் தோல் ஷாப்பு அக்கா ஒரு கையால் அவர் உச்சந்தலையைத் தட்டிக்கொண்டே மறுகையால் தன்னுடைய டம்ளரை அவர் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா முழு டம்ளரையும் குடித்துவிட்டு, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "நல்லாருப்பே கண்ணு" என்றார். வாயார வாழ்த்தினார்.

இலைகளை மடித்தார்கள். கை கழுவும் இடத்துக்கு வந்தார்கள். நான் செம்பைச் சாய்த்துக்கொண்டே வழக்கப்படி, "எந்த ஊரும்மா?" என்றேன்.

"ஒட்டன்சத்திரமுங்க" என்றார். கொஞ்சமும் கூசாத பொய். வேவு பார்க்க வந்தவர் வேறு என்ன சொல்வார்?

அடுத்து தோல் ஷாப்பு அக்கா கையை நீட்டினார். "நான் உள்ளூருதாம்மா" என்று அந்த அம்மாவிடம் தானாகவே சொன்னார். "தோல் ஷாப்புல தோலு கழுவுற வேல. ஒடம்பப் பாத்துக்கங்க, செத்த நேரம் ஒக்காந்துட்டுப் போங்க."

துடைக்கப் போன கை பாதியில் நின்றுபோவதை அப்போதுதான் என் கண்ணால் பார்த்தேன். முன்பு மூட்டைக்காரருக்கு நின்றதாக அம்மா சொல்லிக் கேட்டதுதான். சம்பந்தியம்மா தன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னொரு செம்பு ஊத்துங்க" என்றார். ஆளுக்கு ஒன்றுதான் கணக்கு. இருந்தாலும் ஊற்றினேன். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார், வாயை மூன்று முறை கொப்பளித்துத் துப்பினார். தோல் ஷாப்பு அக்கா அதைப் பார்த்துவிட்டு, சேலை முந்தியில் கையைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

நாலு மணிக்கு இவர்கள் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். டாணென்று நாலு மணிக்கு வந்தார்கள். சம்பந்தியம்மா பட்டில், நானும் பட்டில். என் தலையில் அதே பூக்கார அக்கா கொடுத்த மல்லிகை. கேசரித் தட்டை நீட்டியபோது அவர் என்னைப் பார்த்தார், அடையாளம் தெரிந்தது, அடுத்த கணமே கேசரியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நானும் அவரை முன்பின் பார்த்திராதவள் மாதிரி கும்பிட்டேன். நாடகக் கொட்டகையில்கூட இவ்வளவு சுத்தமாக நடித்திருக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை சாதுவாக இருந்தார். எல்லாம் பிடித்திருப்பதாகச் சொன்னார்கள். பிறகு சம்பந்தியம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்தத் தட்டி விசயம் சொல்லியிருந்தமுங்களே. எப்பக் கட்டறீங்க? நம்ம சனம் வந்து போற எடம். கண்டவிங்க பக்கத்துல ஒக்காந்து தண்ணி குடிக்க முடியுமுங்களா?"

"நாளைக்கே கட்டிருவமுங்க" என்றார் அப்பா. அவர் பேச்சே ஆயக்குடிக்குக் குடிபோய்விட்டது. ஆனால் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். எந்நேரமும் ஊர்க்கதை பேசுகிற மனுஷன், அதற்குமேல் ஒரு வார்த்தை வராமல் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்காக அப்படி உட்கார்ந்திருந்தார். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

நியாயத்துக்காகப் பேசினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் கோபம். இன்னொரு செம்பு கேட்ட கோபம், ஒட்டன்சத்திரம் என்று சொன்ன கோபம், கயிற்றைப் பிடித்த என்மேல் கோபம். கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, விருந்தாளியிடம் பேசவேண்டிய மரியாதையோடு கேட்டேன்.

"மத்தியானம் ரசம் புரையேறுச்சேம்மா. இப்பச் சரியாயிருச்சா? அந்த அக்கா தன் டம்ளரு தண்ணியக் குடுத்து தலையத் தட்டலன்னா நான் பயந்தே போயிருப்பேன்."

மாப்பிள்ளை மெதுவாகத் தன் அம்மா பக்கம் திரும்பினார். "ஏனுங்கம்மா, மத்தியானம் கோயிலுக்குப் போறேன்னுதானே சொன்னீங்க?" என்றார்.

சம்பந்தியம்மா எழுந்தார். முகம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. "பொண்ணுக்கு வாய் நீளம்னு கேள்விப்பட்டது நெசந்தானுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். யாரிடம் கேள்விப்பட்டார் என்பதைச் சொல்லவில்லை. அவர்கள் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. கேசரி தட்டில் அப்படியே இருந்தது. ஆறு பேரில் சாப்பிடாமல் போனவர்கள் இவர்கள்தான்.

அப்பா கத்தவில்லை. "ஏன் ஆத்தா இப்படிப் பண்ணுன? எனக்குப் பின்னாடி உனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டு அழுதார். நானும் அழுதேன். நல்ல காரியம் செய்துவிட்ட பெருமையெல்லாம் ஒன்றுமில்லை. கிணறு போய்விட்டதே என்று அழுதேன். அம்மா கரண்டியோடு மேலே வந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். கேசரித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டாள். "கீழ பட்டறக்காரப் பயலுக வந்திருக்கானுக, அவனுக திம்பானுக" என்றாள். படியில் இறங்கும்போது திரும்பி, "அந்தத் தட்டிய வெறகுக்கு மேல போடுங்க. மழைக்கு ஆகும்" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, கண்ணில் நீர் நின்றது.

ஒரு வாரம் அப்பா வாசலில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் கணக்கு வாத்தியாரிடம் சொல்லிக்கொண்டிருப்பது என் காதில் விழுந்தது. "தட்டி கட்டச் சொன்னாங்க சார். தலகீழா நின்னாலும் முடியாதுன்னுட்டேன்ல." வாத்தியார் எழுந்து நின்று அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். நான் மறுக்கவில்லை. அவருக்கு அதுவாவது கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏழாவது இடம் வரவில்லை. பெண்ணுக்கு வாய் நீளம் என்ற செய்தி கொடைக்கானல் ரோட்டையும் தாண்டிப் போய்விட்டது. ஊருக்கு இதில் ரொம்ப வருத்தம். சாப்பிட வந்த அண்ணன்மாரெல்லாம், "தங்கச்சிக்கு ஒரு நல்லது நடக்கலையே" என்று உச்சுக்கொட்டிவிட்டு, மோருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் திரை விலகியது. அந்த ஆயக்குடி அம்மா நின்றுகொண்டிருந்தார். சங்கிலி அதேதான். முகம்தான் இளைத்திருந்தது. நான் இலை போட்டேன். சட்டப்படி ஒன்றும் கேட்கவில்லை. அவரும் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தோல் ஷாப்பு அக்கா எந்த மூலையில் இருக்கிறார் என்று பார்த்து அதற்கு எதிர்மூலையில் உட்கார்ந்து, மோர் வரைக்கும் சாப்பிட்டார். கை கழுவும்போது ஊரைக் கேட்டேன்.

"சித்தையன்கோட்டைங்க" என்றார்.

பின்னால் நின்ற பூக்கார அக்கா வாயைப் பிளந்தார். அவருக்குத் தெரியாத தலை சித்தையன்கோட்டையில் ஏது? "அங்கன எந்தத்..." என்று தொடங்கினார். நான் முறைத்த முறைப்பில் மிச்சத்தை விழுங்கிவிட்டார். தெருவைக் கேட்பது எங்கள் கடையில் கிடையாது. பொய் சொல்லுகிறவர்களுக்கும் அந்தச் சட்டம் உண்டு என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த அம்மா முன்போலவே இன்னொரு செம்பு கேட்டார். மனசுக்குள் திட்டிக்கொண்டே ஊற்றினேன்.

அதிலிருந்து இரண்டு மாதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவார். எரியோடுங்க என்பார், வத்தலக்குண்டுங்க என்பார். ஜில்லாவில் அவர் குடியிருக்காத ஊரே இல்லை. எதற்காகத் திண்டுக்கல் வருகிறார் என்று நான் கேட்டதில்லை. கையில் ஒரு மருந்துப் பாட்டில் இருக்கும், சில நாள் அதுவும் இருக்காது. அறுபதுகளின் நடுவில் அரிசிக்கு ஊரே வரிசையில் நின்றபோது நாங்கள் கம்பஞ்சோறு போட்டோம். பழைய அண்ணன்மார் பாதிப்பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு இடம் தேடிப் போனார்கள். அந்த அம்மா வந்து உட்கார்ந்து கம்பஞ்சோற்றைச் சத்தமில்லாமல் சாப்பிட்டார், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாததற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது செம்பை மட்டும் விடவில்லை. தண்ணீர் இல்லாத சித்திரையில்கூட அவருக்கு இரண்டு செம்பு ஊற்றியிருக்கிறேன்.

அதற்குள் அம்மாவுக்குப் புகையில் கண் மங்கிவிட்டது. சமையலும் என் கைக்கு வந்தது, பந்தியும் என் கையில்தான். முப்பது வயதைத் தொட்டிருந்தேன்.

கடைசியாக அவர் வந்தது ஒரு சந்தை நாளில். அறை நிறைந்திருந்தது. ஒரே ஒரு இடம், தோல் ஷாப்பு அக்காவுக்குப் பக்கத்தில். எழுந்து போய்விடுவார், இல்லை அடுத்த பந்திக்குக் காத்திருப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். தோல் ஷாப்பு அக்கா தன் டம்ளரை மறுபக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

ரசம் ஊற்றும்போது அந்த அம்மா முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "ஏனம்மிணி, உனக்குக் கண்ணாலம் ஆச்சுங்களா?" என்றார்.

அறையில் எல்லாருடைய கையும் நின்றது. ஏழெட்டு வருஷமாக யாரும் என்னிடம் அதை நேராகக் கேட்டதில்லை.

"நீங்க இன்னும் எல மடிக்கலயேம்மா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தார். ஒரு பருக்கை இல்லாமல் வழித்து, இலையைத் தன் பக்கமாக மடித்தார். கை கழுவும் இடத்துக்கு வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் செம்பைச் சாய்த்தேன்.

"எந்த ஊரும்மா?"

"ஆயக்குடிங்க" என்றார். பக்கத்தில் நின்ற தோல் ஷாப்பு அக்காவுக்கும் பூக்கார அக்காவுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகவே சொன்னார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "இப்பச் சொல்லு கண்ணு" என்றார்.

"ஆகலம்மா" என்றேன். செம்பில் மிச்சமிருந்ததையும் அவர் கையில் ஊற்றினேன்.

அவர் ஈரக் கையோடு அப்படியே நின்றார். பழக்கதோஷத்தில் நான் அண்டாவில் இரண்டாவது செம்பை மொண்டு அவர் கைக்கு நேராகக் கொண்டுபோனேன்.

"வேண்டாமுங்க. ஒண்ணு போதும்" என்றார்.